சாளைமீனின் ஏற்றமும் இறக்கமும்

கடல்படு பொருள்களுள் மிக மலிவானதெனப் பலராலும் கருதப்படுவது சாளை மீன். ஒரு சாண் அளவினதாகிய இச்சிறு மீன் உலகின் பல கரைகளிற் பெருங் கைத்தொழில்களைத் தோற்றுவித்தது. சிற்றூர்களைத் துறைமுக நகரங்களாக்கிற்று. பின்னர்ச் சில ஆண்டுகளுக்குள்ளே மறைந்து அந்நகரங்களை வெறிதாக்கிற்று. இது ஒரு நாட்டில் மாத்திரம் நிகழ்ந்ததன்று. பிரான்சிலும், ஐக்கிய அமெரிக்காவிலும், யப்பானிலும், தென்மேற்கு ஆபிரிக்காவிலும், கேரளத்திலும் ஏறக்குறைய ஒரே வரலாறு வெவ்வேறு காலங்களில் நடந்தேறியது. மீன் மறைந்தபோதெல்லாம் எழுந்த வினாவும் ஒன்றே: மீனை மறைத்தது கடலா, வலையா? அறிஞர்களை மட்டும் ஈர்க்கும் வினாவன்று இது. இதற்கு விடை கிடைக்கும்வரை மீன் பிடிப்பதா, நிறுத்துவதா என்பதிலேயே பல்லாயிரம் குடும்பங்களின் பிழைப்புத் தங்கியிருந்தது.

சாளை என்னும் பெயர் ஓரினத்தை மட்டும் குறிப்பதன்று. ஐரோப்பியரின் சாளை வேறு; பசிபிக் சமுத்திரத்தின் இருகரைகளிலும் தென்னாபிரிக்கக் கடலிலும் வாழும் பெருஞ்சாளை வேறு; மலையாளக் கரையில் மத்தி எனப்படும் எண்ணெய்ச்சாளை வேறு. இலங்கைக் கரைகளிற் சாளை, சூடை, கீரிமீன் என வழங்குவன யாவும் இவற்றின் உறவினவே. ஆனால் இலங்கையர் கடைகளில் ரின்மீன் என வாங்குவதில் மிகுதியும் சாளையன்று. பிற இன மீன்களே அப்பேணிகளில் அடைக்கப்பட்டு வருகின்றன.

இனம் வேறாயினும் இம்மீன்களின் இயல்பு ஒன்றே. கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிர்களை வாயினால் அரித்து உண்பன இவை. ஆதலின் ஆழ்கடலின் குளிர்ந்த நீர் மேலெழுந்து, அந்நீரின் உப்புச்சத்துக்களால் நுண்ணுயிர்கள் செழிக்கும் கரைகளிலேயே இவை பெருகும். குறுகிய வாழ்நாளும் மிகுதியாக முட்டையிடும் தன்மையும் உடையன. முட்டையினின்று வெளிவந்த குஞ்சுகளுக்கு முதற் சில வாரங்களில் இரை கிடைத்தால் அவ்வாண்டின் தலைமுறை எண்ணிறந்ததாகும். கிடையாவிடின் இலட்சக்கணக்கான முட்டைகளும் வீணே. ஆகவே சாளையின் தொகை ஆண்டுக்காண்டு மாறுபடுவது இயற்கை.

இவற்றினும் முக்கியமானது கூட்டமாக வாழும் இயல்பு. பாரில் தனித்துத் திரியும் மீன்களின் தொகை பாதியாகக் குறைந்தால், அவற்றைப் பிடிப்பவனுக்கும் கிடைப்பது ஏறத்தாழப் பாதியாகும். அவன் கையே அவனுக்கு எச்சரிக்கை தரும். சாளையோ எஞ்சியிருப்பவை மீண்டும் ஒன்றுகூடி முன்போன்ற அடர்ந்த கூட்டமாகவே இயங்கும். கூட்டங்களின் எண்ணிக்கை குறையுமேயன்றிக் கூட்டத்தின் செறிவு குறையாது. விரைவுப் படகும், ஒலியலைக் கருவியும், வானிலிருந்து தேடும் விமானமும் உடையோர் எஞ்சிய கூட்டங்களையும் தேடிச் சென்று வளைத்து விடுவர். இதனால் மீன்வளம் பாதிக்கு மேல் அழிந்த பின்னரும் வலை நிறைந்தே வரும். நிறைந்த வலையைக் காட்டி, "கடலிற் குறைவில்லை" என்று வாதிட்டோர் எந்நாட்டிலும் இருந்தனர். அவர்களுட் பலர் பொய்யுரைத்தாரல்லர். தாம் கண்டதையே கூறினர் என்பதே இதிலுள்ள இடர்.

சாளையை வர்த்தகப் பொருளாக முதலில் உலகெங்கும் அனுப்பியவர் பிரெஞ்சுக்காரர். பிடித்த சில மணி நேரத்தில் நெய்ப்பற்றுக் கெட்டு நாறும் இம்மீனை உப்பிட்டோ புகையூட்டியோ மாத்திரம் வைத்திருந்த காலத்தில், நிக்கொலாஸ் அப்பேர் என்பார் உணவை மூடிய கலத்திற் காய்ச்சிக் கெடாது காக்கும் முறையை 1810 ஆம் ஆண்டில் வெளியிட்டார். நாந்த் நகரத்து ஜோசெப் கொலின் 1820களில் அம்முறையாற் சாளையைத் தகரப் பேணியில் அடைத்து விற்கலானார். பிறிற்றனிக் கரையெங்கும் அடைப்புச் சாலைகள் எழுந்தன. 1902 ஆம் ஆண்டிற் சாளை அக்கரைக்கு வரவில்லை. சாலைகள் மூடப்பட்டன, மீனவரும் அடைப்புவேலைப் பெண்களும் பட்டினி கிடந்தனர். கொங்கார்னோ நகரத்தில் அவர்களுக்கு உதவிப்பணம் திரட்டும்பொருட்டு 1905 இல் தொடங்கப்பெற்ற நீலவலை விழா இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. அக்காலத்து வலைகளும் படகுகளும் சிறியனவாதலின் அவ்வீழ்ச்சிக்கு மீனவரைக் குறைகூறல் எளிதன்று. பின்னர் வந்த நாடுகள் இதை ஒரு பாடமாகக் கொள்ளாது, தூரத்துச் செய்தியாகவே கொண்டன.

அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்து வரலாறு விரிவாக நோக்கற்பாலது. அங்கு மொன்ரரே என்னும் கடற்கரைப் பட்டினத்தில், சிசிலித் தீவினின்று வந்த பியற்றோ பெரான்ரே லம்பாரா என்னும் வளைவலையைப் புகுத்தினார்; நோர்வே நாட்டினராகிய கனூற் ஹொவ்டன் அடைப்புத் தொழிலை இயந்திரமயமாக்கினார். முதலாம் உலக யுத்தக் காலத்திற் போர்வீரர் உணவுக்காகப் பேணிமீனுக்கு ஏற்பட்ட தேவை தொழிலைப் பன்மடங்காக்கியது. யுத்தம் முடிந்ததும் பேணிக்குரிய சந்தை சுருங்கிற்று. ஆனால் கட்டிய சாலைகள் சுருங்கவில்லை. சாளையை அரைத்துக் காய்ச்சி எண்ணெயும் தூளும் எடுத்தால் அடைப்பதினும் மிகுந்த இலாபம் கிடைத்தது. எண்ணெய் சவர்க்காரத்துக்கும் வர்ணத்துக்கும் சென்றது, தூள் கோழித்தீனாயிற்று. மனிதர் உண்ணும் மீனை அரைத்தெறிவதை மாநில அரசாங்கம் கட்டுப்படுத்த முயன்றபோது, கரையிலிருந்து மூன்று மைலுக்கப்பால் மாநிலச் சட்டம் செல்லாத கடலில் மிதக்கும் ஆலைக் கப்பல்கள் 1930களில் நங்கூரமிட்டு நின்றன. மீன் எத்துணை வந்தாலும் ஏற்பதற்கு ஆலை இருந்தது.

1936–37 பருவத்திற் கலிபோர்ணியாவிற் கரைசேர்ந்த சாளை 7 இலட்சம் தொன்னுக்கு மேற்பட்டது. மொன்ரரேயில் ஒவ்வோர் அடைப்புச் சாலைக்கும் தனித்தனி ஊதுகுழல் ஓசை இருந்தது. படகு வந்ததும், நள்ளிரவாயினும் விடியலாயினும், அவ்வோசை கேட்டு அச்சாலையின் தொழிலாளர் எழுந்தோடுவர். மாநில மீன்வளப் பகுதியின் விஞ்ஞானிகளோ, பிடிக்கப்படும் மீனில் முதியவை அருகி இளையவை மிகுந்து வருவதைக் கண்டு, ஆண்டுக்கு இரண்டரை இலட்சம் தொன் அளவில் நிறுத்துதல் வேண்டுமெனப் பன்முறை எச்சரித்தனர். கூட்டரசின் மீன்வளப் பகுதியினர் அதற்குப் போதிய சான்றில்லை என்றனர். தொழிலதிபர் இரண்டாவது கூற்றையே விரும்பினர். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. போருக்கு உணவு தேவை என்ற குரலில் எச்சரிக்கை அடங்கிற்று.

வீழ்ச்சி வடக்கிலிருந்து தெற்கு நோக்கி வந்தது. 1947–48 அளவிற் கனடாவின் பிரித்தானியக் கொலம்பியாக் கரையிற் சாளைத் தொழில் அற்றது. அடுத்து வாசிங்ரன், ஒறகன் கரைகள். பின்னர்ச் சான் பிரான்சிஸ்கோ. 1950களின் தொடக்கத்தில் மொன்ரரே. அவ்வூர் அடைப்புச்சாலைத் தெருவை உலகறியச் செய்த ஜோன் ஸ்ரைன்பெக்கின் நாவல் வெளிவந்தது 1945 இல். தெரு அழியத் தொடங்கியதும் அவ்வாண்டை அடுத்தேயாம். அந்நாவலில் வரும் வைத்தியருக்கு மூலமாய் அமைந்த எட்வேட் றிக்கெற்ஸ் என்னும் கடலுயிர் ஆய்வாளர் அத்தெருவிலேயே ஆய்வுகூடம் வைத்திருந்தவர். நீரின் வெப்பநிலை மாற்றத்தையும் அளவுமீறிய மீன்பிடியையும் ஒருங்கே நோக்கவேண்டுமென உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் எழுதினார். 1948 இற் புகைவண்டி மோதி இறந்தார். அவருடைய நோக்கு எத்துணைச் சரியானது என்பது பின்னரே தெரியவந்தது.

1967 இற் கலிபோர்ணிய அரசாங்கம் சாளை பிடித்தலைத் தடைசெய்தபோது தடுப்பதற்கு மீன் எதுவும் எஞ்சியிருக்கவில்லை எனலாம். மொன்ரரேயின் இறுதி அடைப்புச் சாலையாகிய ஹொவ்டனின் சாலை 1973 இல் மூடப்பட்டது. அவ்விடத்தில் 1984 முதல் உயிர்க்கடற் காட்சிச்சாலையொன்று நடைபெறுகின்றது.

கடலா வலையா என்ற வழக்கில் புதிய சாட்சி ஒன்று கடலின் அடியிலிருந்து வந்தது. தென் கலிபோர்ணியாவிற் சாந்தா பார்பராவை அடுத்த கடற்பள்ளத்தின் அடிநீரில் ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கே புழு முதலியன சேற்றைக் கிளறுவதில்லையாதலால் ஆண்டுதோறும் படியும் வண்டல், மரத்தின் ஆண்டு வளையம்போல, அடுக்கடுக்காகக் குலையாது கிடக்கின்றது. அவ்வண்டலில் விழுந்த மீன்செதில்களும் அழியவில்லை. குழாய் இறக்கி எடுத்த வண்டலின் செதில்களை எண்ணிய ஆய்வாளர், 1992 இல் வெளியிட்ட முடிவில், கடந்த 1,700 ஆண்டுகளிற் சாளை ஒன்பது முறை பெரிதும் பெருகி ஒன்பது முறை வீழ்ந்தது என்றும், வீழ்ச்சியிலிருந்து மீளச் சராசரி முப்பதாண்டுகள் சென்றன என்றும் கண்டனர். அவ்வீழ்ச்சிகளின்போது சுருக்குவலையும் இல்லை. எண்ணெய் ஆலையும் இல்லை.

இதனை அறிந்தவுடன் வலை குற்றமற்றதெனத் தீர்ப்பளித்தோர் உளர். அத்தீர்ப்புப் பொருந்தாது. மழை பெய்வதும் பொய்ப்பதும் இயற்கையே. அதனால் வறட்சியாண்டிலும் குளத்து நீரை முழுவதும் இறைத்துவிடுதல் குற்றமற்றதாகிவிடாது. குஞ்சுகள் பிழையாத ஆண்டுகளில் இனத்தைக் காத்து நிற்பவை முதிய மீன்களே. அவற்றை அரித்தெடுத்துவிட்டால் இறக்கம் விரைவாகும், ஆழமாகும், மீட்சி தாமதிக்கும்.

கலிபோர்ணியாவில் வேலையற்றுக் கிடந்த படகுகளும் ஆலை இயந்திரங்களும் துருப்பிடிக்க விடப்படவில்லை. 1950களில் அவற்றுட் பல பேரு நாட்டுக்கு விற்கப்பட்டன. அங்கு நெத்தலியினமாகிய அன்சோவெற்றாவைத் தூளாக்கும் தொழில் அவற்றின் துணையோடு வளர்ந்து, 1970 அளவில் ஆண்டுக்கு 120 இலட்சம் தொன்னைத் தாண்டிற்று. 1972–73 இல் எல் நீனோ என்னும் வெந்நீர் வந்தபோது சரிந்தது. அதன் பின்னர் பேரு, சிலிக் கரைகளில் நெத்தலி இருந்த இடத்தைச் சாளை பிடித்துக்கொண்டது. 1980களில் அங்கே சாளை மலிந்தது. 1990களில் அது அருகி நெத்தலி மீண்டது.

யப்பானின் வரலாறு இதனோடு வியக்கத்தக்க ஒற்றுமை உடையது. அந்நாட்டிற் சாளை பண்டுதொட்டு உணவும் உரமுமாகும். எடோக் காலத்திற் பருத்தி வயல்களுக்கு உலர்ந்த சாளையே சிறந்த பசளையாக விற்கப்பட்டது. 1930களில் உச்சம் பெற்ற சாளைப்பிடி 1940களில் வீழ்ந்து, 1965 இல் ஏறத்தாழ 9,000 தொன்னாயிற்று. பின்னர் 1970களில் மீண்டும் பெருகி, 1988 இல் ஏறத்தாழ 45 இலட்சம் தொன்னை எட்டியது. ஒக்கைடோத் தீவின் குசிரோத் துறைமுகம் சாளையினால் அக்காலத்தில் நாட்டின் முதன்மைத் துறையாக விளங்கிற்று. 1983 ஆம் ஆண்டில் கவாசாக்கி என்னும் யப்பானிய அறிஞர், யப்பான், கலிபோர்ணியா, சிலி ஆகிய மூன்று தொலைதூரக் கரைகளிலும் சாளை ஏறக்குறைய ஒரே காலத்தில் ஏறியிறங்குவதைச் சுட்டிக்காட்டினார். பசிபிக் சமுத்திரம் முழுவதையும் தழுவிய காலநிலை மாற்றமே காரணமாதல் வேண்டும் என்பது கருத்து. அக்கருத்து இன்று பெரும்பாலும் ஏற்கப்படினும், கலிபோர்ணியாவிற் சற்று வெம்மையான காலத்தில் மலியும் சாளை யப்பானிற் குளிர்ந்த காலத்தில் மலிகின்றது என்னும் புதிர் அதனுள் இருக்கவே செய்கின்றது.

1988 ஐ அடுத்து யப்பானிய மீனவர் கண்டது விசித்திரமான காட்சி. கடலில் முட்டைகள் நிறைந்திருந்தன, பிடியும் நிறைந்திருந்தது, ஆனால் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை. குரோசியோ நீரோட்டத்தின் கிழக்குப் பரப்பில் அவை அழிந்தன. முதிய மீன்கள் தீர்ந்ததும் தொழிலும் தீர்ந்தது. 2005 இற் பிடிபட்டது 28,000 தொன் அளவே. இங்கே வீழ்ச்சியைத் தொடக்கியது கடல் என்பதில் ஐயமில்லை. 1997 முதல் யப்பான் சாளைக்கு ஆண்டுப் பிடி எல்லையொன்றை விதித்தது. 2010களில் மீன் மெல்ல மீண்டு, 2020 அளவில் ஏறத்தாழ 7 இலட்சம் தொன்னாயிற்று.

மீளாத கரையும் உண்டு. இன்று நமீபியா எனப்படும் தென்மேற்கு ஆபிரிக்காவின் வோல்விஸ் குடாவிலே, பெங்குவேலா நீரோட்டத்தின் வளத்தினால் சாளை கணக்கின்றிப் பெருகியிருந்தது. அந்நாடு அப்பொழுது தென்னாபிரிக்காவின் ஆட்சியில் இருந்தது. தென்னாபிரிக்காவின் சொந்தக் கரையில் 1962 இல் 4 இலட்சம் தொன்னைத் தொட்ட சாளை விரைந்து குறைந்தபோது, முதலீடு வடக்கே நகர்ந்தது. 1960களில் அனுமதி எல்லை மேன்மேலும் உயர்த்தப்பட்டது. ஆட்சி எல்லைக்கப்பால் ஆலைக் கப்பல்களும் வந்து நின்றன. கலிபோர்ணியாவில் முப்பதாண்டுகளுக்கு முன் நடந்ததே பிசகாமல் நடந்தது எனலாம். 1968 இற் பிடி ஏறத்தாழ 14 இலட்சம் தொன். பத்தாண்டுகளுள் அவ்வளம் அழிந்தது. பசிபிக் கரைகளிற் சாளை மீண்ட 1980களிலும் அங்கு மீளவில்லை. சாளை உண்ட நுண்ணுயிர்களை உண்ண வேறு உயிர்கள் வந்துவிட்டன: சொறிமீன்களும், சத்துக் குறைந்த ஒரு சிறு மீனினமும் அக்கடலிற் பெருகின. சாளையை நம்பி வாழ்ந்த பென்குயின் பறவைகள் அச்சிறு மீனை உண்டு தேறமுடியாது அருகின. 2018 இல் நமீபிய அரசாங்கம் சாளை பிடித்தலை முற்றாக நிறுத்தியது. தென்னாபிரிக்காவிலும் நமீபியாவிலும் வாழும் ஆபிரிக்கப் பென்குயின் 2024 இல் மிக அபாயத்திலுள்ள உயிரினமாக அறிவிக்கப்பட்டது. கடலின் இறக்கமும் வலையின் மிகையும் ஒன்று சேர்ந்தால் மீட்சி தானே வரும் என்னும் நம்பிக்கைக்கு இடமில்லாது போகலாம் என்பதற்கு இக்கரையே சான்று.

கலிபோர்ணியர் இரண்டாம் முறை வேறுவிதமாக நடந்துகொண்டனர். 1980களிற் சாளை மீளத் தொடங்கியதும் 1986 இல் மிகச் சிறிய அளவுக்கே அனுமதி வழங்கப்பட்டது. கடலிலுள்ள மீன் ஒன்றரை இலட்சம் தொன்னுக்குக் குறையுமென மதிப்பிடப்பட்டால் சாளைப்பிடி நிறுத்தப்படல் வேண்டும் என்னும் விதியும் பின்னர் ஏற்பட்டது. அதன்படி 2015 இல் தொழில் மூடப்பட்டது. இறக்கம் புலப்பட்ட பின்னும் சில ஆண்டுகள் பிடித்துக்கொண்டேயிருந்தனர் என்னும் குறை கூறப்பட்டது உண்மையே. ஆயினும் "சான்று போதாது" என்று வாதிட இடமின்றி, எண்ணை முன்னரே எழுதிவைத்தமை பெரிய முன்னேற்றமாகும்.

அயற்கரையாகிய மலையாளத்திலே சாளை ஏழைகளின் மீன். குடும்பம் புலர்த்தி, அதாவது குடும்பத்தைக் காப்பது, என்று அதற்குப் பெயரிட்டனர். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஆழ்நீர் மேலெழ, எண்ணெய்ச்சாளை கரையை நெருங்கும். உண்டு மிஞ்சியதை மணலில் உலர்த்தித் தென்னைக்கு இட்டனர்; அவ்வுரம் இலங்கையின் பெருந்தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சென்னை அரசாங்க மீன்வளப் பகுதியின் தலைவர் சேர் பிரெடெரிக் நிக்கல்சன், மீனைக் காய்ச்சி எண்ணெயெடுத்து எஞ்சியதை உரமாக்கும் முறையைப் பரப்பினார். நூற்றுக்கணக்கான சிறு ஆலைகள் தோன்றின. மன்னார் முத்துச்சலாப ஆராய்ச்சியின் பொருட்டு முதலில் இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னையிற் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்ணெல் தம் துணைவருடன் சேர்ந்து அம்மீனின் வாழ்க்கை வரலாற்றை 1923 அளவில் எழுதினார். 1940களில் சாளை அருகியபோது, 1943 இற் சென்னை அரசாங்கம் இளமீனை அள்ளும் வலைகளைத் தடைசெய்தது. அவற்றுள் ஒன்றன் பெயரே மத்திகொல்லி வலை. தடை சில ஆண்டுகளுக்கு மேல் நிலைக்கவில்லை.

1980களின் பின் கேரள மீனவர் தாமே பலர் கூடிப் பணமிட்டுப் பெரும் வளையவலைகளை வாங்கினர். ஒரு வலைக்கு முப்பது நாற்பது பேர் பங்காளிகள். இங்கு அள்ளுவோர் ஆலைமுதலாளிகளல்லர். அன்றன்றைய கூலிக்கும் கடன் தவணைக்கும் மீனை எதிர்நோக்குவோர். ஆகவே நிறுத்து என்று கூறல் எளிதாயினும் நிறுத்தல் எளிதன்று. கேரளத்திற் கரைசேர்ந்த சாளை 2012 இல் ஏறத்தாழ 4 இலட்சம் தொன். 2021 இல் 3,297 தொன். 2015 அளவில் வந்த எல் நீனோ வீழ்ச்சிக்குப் பெருங்காரணம் என மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் கூறினர். அதற்கு முந்திய ஆண்டுகளில் இளமீன் மிகையாகப் பிடிபட்டதையும் அவர்களே எடுத்துக்காட்டினர். அக்காலத்திலேயே பத்துச் சென்ரிமீற்றருக்குக் குறைந்த சாளையைப் பிடித்தலாகாது என்று கேரள அரசாங்கம் சட்டமியற்றியது.

2022 இலிருந்து மத்தி மீண்டும் வரலாயிற்று. 2024 ஆம் ஆண்டின் நடுவில் மீன் வாராத வாரங்களில் ஒரு கிலோ நானூறு ரூபாவரை ஏறிற்று; ஏழையின் மீன் அவ்வாரங்களில் ஏழைக்கு எட்டவில்லை. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த கூட்டங்களிற் பெரும்பாலானவை வளர்ச்சி குன்றிய சிறு மீன்கள். உண்பார் விரும்பாத அத்தகைய சிறுமீனை எடுத்துக்கொள்ள மீன்தூள் ஆலைகள் ஆயத்தமாக உள்ளன. அவ்வாலைகளுட் பல கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் இருக்கின்றன. பத்துச் சென்ரிமீற்றர்ச் சட்டமோ கேரளத்தினது.